நாலு விரல் குறைந்த கம்பு

என் இளைய மருமகளுக்குத் தெருவில் வைத்த பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவளுடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது. பிக்கப் வண்டி ஓட்டுகிறாள். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்றலாம், அந்த மாதிரி வண்டி. அவள் பால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் தயிராகத்தான் வந்து சேரும் என்று பால் கடைக்காரர் சொல்லுவார்.

ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தவறினாள். தப்பு ஒன்றும் செய்யவில்லை. தேர்வு வைத்த அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, நான் சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்டாராம். மூன்றாம் முறை வந்தவர் வேறு ஆள். பாதி வழியிலேயே தூங்கிவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, "சார், வந்தாச்சு" என்று எழுப்பினாளாம். ஆளைத் தூங்க வைக்கும் அளவுக்கு ஆடாமல் ஓட்டுகிறாள் என்று தேர்ச்சி போட்டுவிட்டார்.

இதையெல்லாம் பற்றி நான் நிறையப் பேசியிருக்கிறேன். அவள் எதிரிலேயே பேசியிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. காதில் விழாமல் பேசி யாருக்கு என்ன பயன்?

வண்டிக்கு முன்னால் அவள் ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினாள். எட்டு வருஷம் நின்றுகொண்டே வேலை. சாயங்காலம் வந்து சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பாள். கால் இரண்டும் பூசணிக்காயாக இருக்கும். என் சின்ன மகன், அவள் புருஷன், வீட்டிலேயே பள்ளிக்கூடப் பை தைக்கிறான். நல்ல பையன், ஆனால் வண்டியில் ஏறினால் தெருமுனை தாண்டுவதற்குள் வாந்தி எடுப்பான். ஆகவே வீட்டில் ஒருவர் வண்டி ஓட்டுவது என்று முடிவானபோது அது அவளாகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

கோழிக்குஞ்சு பொரிக்கும் இடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பொரித்து ஒரு நாளான குஞ்சுகளை அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, ஊரின் மறு கோடியில் இருக்கும் பண்ணைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பெட்டிக்கு நூறு குஞ்சு. வண்டி குலுங்கினால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நசுங்கும். அவள் ஓட்டினால் ஒன்றுகூட விழாது. நடந்து போகிற ஆளைக்கூட முந்தாத வண்டியில் எது விழும்? என் மகன் தார்ப்பாயில் வலைத்துணியால் ஜன்னல் வைத்துத் தைத்துக் கொடுத்தான். மழை உள்ளே வராது, காற்று வரும். பின்பக்கம் கனம் வேண்டுமென்று இரண்டு மணல் மூட்டைகளையும் அவள் நிரந்தரமாக ஏற்றி வைத்தாள். "குஞ்சுக்கு எடையே இல்ல அத்தை. காலி வண்டி தண்ணில மிதந்து பின்னாடி இழுத்துக்கிட்டுப் போயிடும்" என்றாள்.

தண்ணீர் விஷயத்தில் அவளுக்கு ஒரு சூடு பட்ட கதை உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மழையில், எல்லாரும் போகிறார்களே என்று அவளும் ஒரு தெருவில் இறங்கினாள். நடுத்தண்ணீரில் வண்டி நின்றது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். பதற்றத்தில் சாவியைத் திருப்பினாள். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. பதினோரு நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. மெக்கானிக் வளைந்துபோன ஒரு இரும்பை அவள் கையில் கொடுத்து, "நின்ன வண்டியை அப்படியே விட்டுட்டு இறங்கி வந்திருந்தா எனக்கு அரை நாள் வேலைதான். என்ஜினுக்குள்ள தண்ணியை வெச்சுக்கிட்டு சாவியைத் திருப்புனீங்க பாருங்க, அதுக்குத்தான் இது" என்றார். அந்த இரும்பை அவள் இன்றைக்கும் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் பூ வைக்கிற இடம் அது.

அதற்குப் பிறகுதான் என் ஒட்டடைக் கம்பு காணாமல் போக ஆரம்பித்தது.

மூங்கில் கம்பு. கூரையின் மூலைவரை எட்டும். பல வருஷம் என் கையில் பழகியது. மழை என்றால் அது வண்டியில் இருக்கும். போதாக்குறைக்கு அதன் அடியிலிருந்து முழங்கால் உயரத்துக்கும் கொஞ்சம் கீழே, சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தாள். வீட்டுக்குள் நகப்பூச்சு வந்ததைப் பார்த்து மருமகளுக்கு அலங்கார ஆசை வந்துவிட்டது என்று நான் நாலு பேரிடம் சொல்லியும் வைத்திருந்தேன். கடைசியில் அலங்காரம் கம்புக்கு.

கம்பை வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தி, சக்கரத்தின் பாதி உயரத்துக்கு அந்தக் கோட்டைப் போட்டிருக்கிறாள். தேங்கிய தண்ணீரைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்துவாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்போடு இறங்குவாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பத்தடிக்கு ஒரு தரம் கம்பை ஊன்றிப் பார்த்துக்கொண்டே நடப்பாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருந்தால் வண்டி இறங்கும். கோட்டைத் தொட்டால் திரும்பிவிடும். ஓடுகிற தண்ணீர் என்றால் கணுக்கால் அளவு இருந்தாலும் இறங்கமாட்டாள். இதுதான் அவள் சட்டம். கலெக்டரே வந்து சொன்னாலும் மாறாது.

இந்த வருஷம் மழை விடாமல் மூன்று நாள் பெய்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் கம்பு வீட்டுக்கு வந்தபோது அதன் அடி பிளந்து, சாக்கடைக் கறுப்பு ஏறி நாறியது. அதைக் கொண்டு என் கூரையைத் தொடுவதா? பக்கத்து வீட்டுத் தச்சரிடம் ரம்பம் வாங்கி, நாறிய நுனியை நாலு விரல் அளவுக்கு அறுத்துப் போட்டேன். கம்பு சுத்தமாயிற்று. கோடு மேலே இருக்கிறது, நான் அறுத்தது கீழே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பொரிப்பக மேலாளர் போன் செய்தார். அவர் பேசினால் போனை வாசலில் வைத்தாலும் கொல்லையில் கேட்கும்.

"நாளைக்கு ஆயிரம் குஞ்சும்மா. பன்னெண்டு மணிக்குள்ள பண்ணையில விளக்குச் சூட்டுக்குப் போயிடணும். மத்த வண்டிங்க ரெண்டு நடை அடிக்கிற நேரத்துல நீங்க ஒரு நடை. நானும் எவ்வளவு நாள் பொறுக்கிறது? நாளைக்கு லேட்டாகி ஏதாவது விறைச்சுப் போச்சுன்னா இத்தோட நிறுத்திக்கலாம். வேற வண்டி சொல்லி வெச்சிருக்கேன்."

"சரிங்க சார்" என்றாள். போனை வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு தன் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். எனக்குப் புரிந்தது. இந்த வேலை போனால் மறுபடியும் ரொட்டித் தொழிற்சாலை. மறுபடியும் பூசணிக்கால்.

மறுநாள் காலையில் கம்பை எடுக்க வந்தாள். நான் விடவில்லை.

"கூரை மூலையில எட்டுக்கால் பூச்சி பேரன் பேத்தி எடுத்தாச்சு. கம்பு எங்கயும் போகாது."

"அத்தை, இன்னிக்கு ஒரு நாள்."

"கம்பு போனா நானும் போவேன். வேலை முடிஞ்ச கையோட திருப்பிக் கொண்டாரணும்."

"வாங்க" என்றாள். இவள் இப்படித்தான். சண்டைக்கு இழுத்தால் வழியில் இடம் விட்டு ஒதுங்கிக்கொள்வாள். நாம்தான் வேகத்தில் போய்ச் சுவரில் முட்டுவோம்.

ஒன்பது மணிக்குப் பெட்டிகளை ஏற்றினோம். எட்டுப் பெட்டி பின்னால், இரண்டு பெட்டி என் மடியில். கீச்சுக்கீச்சென்று மெல்லிய சத்தம்.

"இந்தச் சத்தம் இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம் அத்தை. சத்தம் ஏற ஏற, குளிருதுன்னு அர்த்தம். பாத்துக்குங்க."

பண்ணைக்கு மூன்று வழி. சந்தைத் தெரு, பாலத்து ரோடு, பள்ளிக்கூடத் தெரு. முதலில் சந்தைத் தெரு. இறங்கினாள், நடந்தாள், நடுவில் கம்பை ஊன்றினாள். தண்ணீர் சரியாகக் கோட்டைத் தொட்டது. திரும்பி வந்து கால் துடைத்தாள்.

"ஆச்சரியமா இருக்கு அத்தை. என் காலுக்கு எப்பவும் முழங்கால்கிட்ட வந்தாத்தான் கோட்டைத் தொடும். இன்னிக்கு அதுக்கு முன்னாடியே தொடுது."

"வயசாகுதுல்ல. கால் வளந்திருக்கும்" என்றேன்.

"கால் பொய் சொல்லும். கோடு பொய் சொல்லாது" என்று வண்டியைத் திருப்பினாள்.

அடியில் அறுத்தால் கோடும் கீழே இறங்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தச்சர் வீட்டு ரம்பம் கண்முன் வந்து நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் இந்தக் கம்புக்காக எத்தனை மாதம் அவளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இப்போது நானே அறுத்தேன் என்று சொன்னால் ஆயுசுக்கும் என் வாய் அவள் கையில். போகட்டும், இன்னும் இரண்டு வழி இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

பாலத்து ரோட்டில் தண்ணீர் கோட்டின் உயரத்தில் பாதிக்குக்கூட வரவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் பாலத்தின் மேல் காகிதம் ஒன்றைக் கிழித்துப் போட்டாள். அது அம்பு மாதிரி அந்தப் பக்கம் ஓடி, கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாகக் கீழே விழுந்தது.

"ஓடுற தண்ணி. வேண்டாம்."

"கணுக்கால்தானேம்மா இருக்கு."

"காகிதம் எங்க போச்சுன்னு பாத்தீங்கல்ல, அத்தை?"

பார்த்தேன். மடியிலிருந்த பெட்டிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத் தெருவுக்கு வரும்போது மணி பத்தரை. அந்தத் தெருவைத் தாண்டினால் மேட்டு நிலம், பிறகு பண்ணைதான். என் மடியில் சத்தம் ஏற ஆரம்பித்திருந்தது. அவள் இறங்கிக் கம்பை ஊன்றினாள். தண்ணீர் கோட்டுக்கு மேல் இரண்டு விரல் நின்றது. அங்கேயே, முழங்காலுக்குக் கீழே தண்ணீரில், கம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். இனி வழி இல்லை. பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் பொரிப்பகத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து என் மூத்த மகன் வந்தான்.

என் மூத்த பிள்ளை வாய்ச்சொல்லில் சூரன். சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறான். அவன் ஓட்டாத வண்டி இல்லை, அவனுக்குத் தெரியாத ரோடு இல்லை. எல்லாம் அவன் சொல்லித்தான் நமக்குத் தெரியும். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன நிதானம், ஆத்துல மீன் பிடிக்கிறியா? அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கே, புழுவுக்கா?"

"அத்தான், போகாதீங்க. கோட்டைத் தாண்டி நிக்குது. உங்க வண்டி என் வண்டியைவிடத் தாழ்வு."

"தண்ணியைப் பாத்துப் பயந்தா தண்ணி ஏறி உக்காந்துக்கும். ஒரே மிதி மிதிச்சா ரெண்டாப் பொளந்துகிட்டு வழிவிடும். பாத்துக் கத்துக்க."

மிதித்தான். தண்ணீர் உண்மையாகவே இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி பள்ளிக்கூடச் சுவர்மேல் ஏறியது, மறு பாதி என் மருமகள்மேல் ஏறியது. நடுத்தெருவுக்குப் போனதும் பிளந்த தண்ணீர் திரும்பி வந்து அவன் காரின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"சாவியைத் திருப்பாதீங்க அத்தான்" என்று இவள் குரல் கொடுத்தாள். "இறங்கி வாங்க. சாவியைத் தொடாதீங்க."

அவன் கை சாவிக்குப் போனது எனக்கே தெரிந்தது. "ஜன்னல்ல இருக்கிற இரும்பை நினைச்சுக்கடா" என்று நானும் கத்தினேன். கையை எடுத்துவிட்டான். கதவைத் திறக்க, தண்ணீர் உள்ளே போக, அவன் வெளியே வந்து காரை ஓரமாகத் தள்ளி நிறுத்தினான்.

மடியில் குஞ்சுகளின் சத்தம் இப்போது கத்தலாகிவிட்டது. பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு குஞ்சு அலகை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்துக் கத்தியது. உண்மை அதற்குத் தெரியும் போலிருந்தது. வண்டியின் கதவைத் திறந்தேன்.

"இந்தாம்மா, இங்க வா."

வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கம்பை முந்தாநேத்து… இல்ல, நேத்து… கொஞ்சம் அறுத்தேன்."

"எங்க?"

"வீட்டுலதான்."

"கம்புல எங்க அத்தை?"

"அடியில. நாறிச்சு."

"எவ்வளவு?"

இரண்டு விரல் காட்டினேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டு விரலையும் மெதுவாக நீட்டினேன்.

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். கம்பைக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினாள். கோடு பாதிச் சக்கரத்துக்கு நாலு விரல் கீழே நின்றது. நகப்பூச்சை எடுத்தாள். ஈரக் கம்பில் பிடிக்கவில்லை. தலைமுடியில் போட்டிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றிச் சரியான இடத்தில் இறுக்கிக் கட்டினாள். முடி அவிழ்ந்து விழ, மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள்.

"இப்ப எவ்வளவு?" என்று கேட்டேன்.

"வளையத்துக்கு ரெண்டு விரல் கீழே."

"போகலாம்ல?"

"நடந்து பாத்துட்டுதான்."

ஆயிரம் உயிர் கத்துகிறது, வேலை போகப்போகிறது, அப்போதும் நடந்து பார்க்கிறாள். தெரு முழுக்க, பத்தடிக்கு ஒரு ஊன்றல். அந்தக் கோடிக்கு முன்னால் இடப்பக்கம் கம்பு சடாரென்று பாதிவரை உள்ளே போயிற்று. சாக்கடை மூடி இல்லை. தண்ணீருக்கு மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது.

"அத்தான், இங்க வாங்க. இந்தக் குழிக்கு இந்தப் பக்கமா நில்லுங்க. நான் தாண்டுற வரைக்கும் நகரக் கூடாது."

"நான் எதுக்கு நிக்கணும்?"

"கம்பு எனக்கு வேணும். குழிக்கு அடையாளமா நட்டு வைக்க வேற ஆள் இல்ல."

என் மூத்த பிள்ளை முழங்கால் தண்ணீரில் கம்பம் மாதிரி நின்றான். அவன் ஒரு இடத்தில் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவள் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டாள். எதிரே யாரும் வரவில்லையா என்று பார்த்துக்கொண்டாள். இரண்டு வண்டி சேர்ந்தால் அலை அடிக்குமாம். பிறகு தெருவின் நடு மேட்டைப் பிடித்து இறங்கினாள். வேகமும் இல்லை, நிற்பதும் இல்லை. கியரைத் தொடவே இல்லை. என்ஜின் ஒரே சுதியில் முனகிக்கொண்டே வந்தது. முன்னால் ஒரு சின்ன அலை, நாய்க்குட்டி மாதிரி எங்களுக்குச் சற்று முன்னாலேயே போயிற்று. தண்ணீர் கதவின் அடியைத் தடவியது. நான் மூச்சை விடவில்லை. மூச்சு விட்டால் கனம் கூடுமோ குறையுமோ, யாருக்குத் தெரியும். என் மகனைத் தாண்டும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பாதையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "அப்படியே நில்லுங்க அத்தான்" என்றாள். வாயை மூடிக்கொண்டான்.

மேட்டில் ஏறியதும் உடனே விரட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை. பிரேக்கை மெல்ல மெல்ல மிதித்து மிதித்து உலர்த்தினாள்.

"ஈர பிரேக் பிடிக்காது அத்தை. தண்ணியைத் தாண்டினவங்க அதுக்கப்புறம்தான் மோதிக்குவாங்க."

"மணி பதினொன்னரைம்மா."

"தெரியும்."

ஓடி வந்த மூத்தவனைப் பின்னால் மணல் மூட்டைமேல் ஏற்றிக்கொண்டோம். ஓரப் பெட்டி ஒன்றின் மூலை நனைந்திருந்தது. இவன் காரிலிருந்து அடித்த தண்ணீர்தான், வேறு எது. அந்த மூலையிலிருந்த குஞ்சுகளையெல்லாம் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டான். பண்ணைவரைக்கும் பின்னாலிருந்து, "ஐயோ, கிச்சுக்கிச்சு மூட்டுதும்மா" என்ற புலம்பல் கேட்டுக்கொண்டே வந்தது.

பண்ணை வாசலில் வண்டி நின்றபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிஷம். விளக்குச் சூட்டில் பெட்டிகளைக் கவிழ்த்ததும் மஞ்சள் தரையாகப் பரவி, சிறிது நேரத்தில் கத்தல் அடங்கி, பழைய மெல்லிய கீச்சு வந்தது. எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரத்தில் இரண்டு போயிருந்தது. வெயில் நாளிலேயே ஐந்தாறு போகுமாம். மூத்தவன் சட்டைக்குள் பதினெட்டுக் குஞ்சு இருந்தது. பதினேழைக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். பாதி வழியில் அவன் வயிறு கீச்சென்றது, திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

மேலாளர் சொல்லி வைத்திருந்த அந்த வேறு வண்டி, வேறு சுமையோடு அன்று சந்தைத் தெருவில் வேகமாக இறங்கி, நடுவில் நின்றுவிட்டதாம். மறுநாள்தான் அதை இழுத்தார்களாம். அதைப் பற்றி மேலாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று சாயங்காலம் போன் செய்தார். "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடுங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அவள் போனை வைத்துவிட்டுச் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தாள். கால் காலாகத்தான் இருந்தது.

கம்பை நான் அறுத்த கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியில் நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். நான் மட்டும் அறுக்காமல் இருந்திருந்தால் சந்தைத் தெருவில் இறங்கியிருப்பாள், அங்கே நடுவில் என்ன குழி இருந்ததோ யார் கண்டார்கள் என்றும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நடந்து பாத்துட்டுத்தான் இறங்கியிருப்பேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொல்லனிடம் போய் ஒரு இரும்புப் பூண் வாங்கி வந்து, கம்பின் அடியில் வைத்து ஆணி அடித்தாள். இனி எந்த ரம்பமும் ஏறாது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தாள்.

கம்பு இப்போது வண்டியோடேயே இருக்கிறது. புதுக் கம்பு வாங்கித் தருகிறேன் என்றாள், நான் வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு என் கம்புதான் வேண்டும். அது வரும்வரை கூரை மூலையில் ஒட்டடை தொங்கட்டும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால், "கம்பு வேலைக்குப் போயிருக்கு" என்று சொல்லிவிடுகிறேன்.